நேற்றுவரை ஒத்துக்கொண்டது!

"இருபது வருஷமாக இதே சிமெண்டைத்தானே தொட்டாய்? அப்போது வராத அரிப்பு இப்போது எங்கிருந்தப்பா வந்தது?"

உள்ளங்கை வெடித்து, விரலிடுக்கில் நீர் வடிய நிற்கும் கொத்தனாரிடம் கேட்கப்படும் கேள்வி இது. வேலைக்கு டிமிக்கி என்பார் ஒருவர். இரத்தம் கெட்டுவிட்டது என்பார் மற்றொருவர். அழுக்கு என்பார் இன்னொருவர்.

மூன்றும் தவறு என்கிறோம் நாம்!

ஒவ்வாமை சிறுவயதிலேயே வந்தாக வேண்டும் என்ற விதி ஏதுமில்லை. நாற்பது வயதிலும் வரும். சிமெண்டில் நீரில் கரையும் குரோமிய உப்பு சிறிதளவு உண்டு. ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கிறது. அரித்த தோல்வழியே குரோமியம் உள்ளே நுழைகிறது. பல ஆண்டுகள் உடல் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் அதைப் பகையென்று அடையாளம் கண்டுவிட்டால், பிறகு எளிதில் மறப்பதில்லை. கொஞ்சம் பட்டாலும் தோல் கொப்புளிக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் செருப்புகூட ஆகாமற் போகலாம்.

இருபது வருஷம் தொட்டார் என்பது அவரைப் பொய்யராக்கும் சாட்சியா? நோய் எப்படி வந்தது என்பதற்கே அதுதான் சாட்சி!

தலையெழுத்து என்று விட்டுவிடலாமா? டென்மார்க் விடவில்லை. சிமெண்டில் கரையும் குரோமியத்துக்கு 1983-இலேயே அங்கு வரம்பு கட்டினார்கள். வழி என்ன? இரும்பு சல்பேட் சேர்ப்பது. நம் நாட்டு வைத்தியர்கள் அன்னபேதி என்று சொல்லும் அதே சரக்குத்தான்! அது குரோமியத்தின் வீரியத்தை முறிக்கிறது. கட்டடத் தொழிலாளரிடையே இந்நோய் அங்கு குறைந்தது. 2005 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கையால் புழங்கும் சிமெண்டில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குமேல் கரையும் குரோமியம் இருக்கக்கூடாது என்பது சட்டம். நாளாக ஆக இரும்பு சல்பேட் வலுவிழக்கும். ஆகவே, எதுவரை அது காக்கும் என்பதையும் மூட்டைமேல் குறிக்க வேண்டும்.

ஐரோப்பியத் தொழிலாளியின் தோலும் நம் கொத்தனார், சித்தாளின் தோலும் வேறுவேறா?

நாம் பிச்சை கேட்கவில்லை. அதே வரம்பு, மூட்டையில் தேதி, ஈரம் புகாத ரப்பர் கையுறை, கைகழுவ நல்ல தண்ணீர், நோய் கண்டவருக்குக் கூலி குறையாத மாற்றுவேலை. இவற்றைக் கேட்கிறோம்.

தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்தில் கொத்தனார்களையும் சித்தாள்களையும் கைகளை நீட்டச் சொல்லுங்கள். வெடித்த கைகளை எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு முதலாளியிடமும் சர்க்காரிடமும் செல்லுங்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கை, சோற்றில் வைக்கும்போது எரிகிறதே, அதைவிடவா வேறு அத்தாட்சி வேண்டும்?