சுத்தியலும் கண்ணும் கட்டிய கார்

லாரிக்குப் ‘பாடி கட்டும்’ பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சினும் அடிச்சட்டமும் சக்கரமும் ஒரு கம்பெனியிலிருந்து வந்து சேரும். அதன்மேல் பலகையும் தகடும் கொண்டு கூண்டு கட்டுவது பட்டறைக்காரரின் வேலை. ஒரு காலத்தில் விலையுயர்ந்த மோட்டார் கார்களும் இப்படித்தான் உருவாயின என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? வாங்குபவர் எஞ்சின் பொருத்திய அடிச்சட்டத்தை ஓரிடத்தில் வாங்குவார். பிறகு அதை இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோய்த் தமக்குப் பிடித்த உருவத்தில் பாடி கட்டிக்கொள்வார். குதிரை வண்டி செய்தவர்களின் வழியில் வந்த தொழில் இது.

இன்று தொழிற்சாலைகளில் பெரிய அச்சு இயந்திரம் தகட்டை அழுத்திக் கதவையும் கூரையையும் உருவாக்கித் தள்ளுகிறது. ஆயினும் அந்தப் பழைய தொழில் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்து, இத்தாலி, அமெரிக்கா போன்ற நாடுகளில், பழைய பந்தயக் கார்களின் சாயலில் கார் வேண்டும் என்று கேட்போருக்குக் கையாலேயே தட்டிக் கட்டித் தரும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் மாதிரியாகக் கொள்ளும் பந்தயக் கார்களுள் பலவற்றைக் கட்டியவர் பட்டதாரி அல்லர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்ட ஓர் ஏழைச் சிறுவன் அவர்.

அவர் பெயர் செர்ஜியோ ஸ்காலியெட்டி. இத்தாலியின் மோடெனா நகரில் 1920-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இறந்ததும் குடும்பச் சுமை பிள்ளைகள் தலையில் விழுந்தது. அண்ணன் வேலை செய்த கார்ப் பட்டறையிலேயே தம்பியும் சேர்ந்தார். பின்னர் அண்ணன் ஒரு நண்பரோடு சேர்ந்து சொந்தமாகப் பட்டறை வைத்தபோது, பதினேழு வயதுத் தம்பியும் உடன் சென்றார். அந்தப் பட்டறைக்கு எதிரே இருந்தது என்ஸோ ஃபெராரியின் பந்தயக் கார் நிலையம். பந்தயத்தில் நசுங்கிய மட்காட்களைத் தட்டி நேராக்கும் வேலை அங்கிருந்து வந்தது. அந்தச் சில்லறை வேலையைச் சரியாகச் செய்ததுதான் ஸ்காலியெட்டி ஏறிய முதற் படி. 1951-இல் அவர் தமக்கென்று ஒரு பட்டறையைத் தொடங்கினார். நாளடைவில் ஃபெராரி பந்தயக் கார்களுக்குப் பாடி கட்டும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். பந்தயக் கார் எடை குறைந்திருக்க வேண்டும். ஆகவே இரும்புத் தகட்டுக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகடு. மணல் நிரப்பிய தோல் மூட்டையின்மேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் அது கிண்ணம்போல் குழியும். பிறகு மேடுபள்ளம் தெரியாமல் இழைத்து வழவழப்பாக்க வேண்டும். தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் வெடித்துவிடும். எனவே இடையிடையே சூடுகாட்டி இளக வைக்க வேண்டும். சூடு மிஞ்சினாலோ தகடு உருகி ஓட்டை விழும். இரும்பு போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. அதற்காகப் பழைய தொழிலாளர்கள் தகட்டில் சவர்க்காரம் தேய்த்துச் சூடு காட்டுவார்கள். சவர்க்காரம் கறுத்ததும் நெருப்பை விலக்க வேண்டும்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். கத்தி ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம். அந்த அளவு கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்காலியெட்டியும் வரைபடத்தைவிடக் கண்ணையும் கையையுமே நம்பினார்.

அந்தக் கைகள் செய்ததைப் பாருங்கள். ‘டெஸ்டா ரோசா’ என்ற பந்தயக் கார் 1957-இல் வந்தது. ‘சிவப்புத் தலை’ என்பது பெயரின் பொருள். எஞ்சின் தலைமூடிக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். முன்சக்கர மட்காட்களை உடலோடு ஒட்டாமல் பிரித்து, இடையே காற்று புகுந்து பிரேக்குகள் குளிர அவர் வழி செய்தார். பார்வைக்கு அழகு, அந்த அழகுக்குள் ஒரு காரணம்! அந்த வகைக் கார் 1958-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி பெற்றது. 1962 முதல் 1964 வரை ‘250 ஜி.டி.ஓ.’ கார்கள் 36 மட்டுமே உருவாயின. கையால் செய்தவை ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று அச்சாக இராது. அவற்றுள் ஒன்று 2018-இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதுவரை எந்தக் காரும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

2004-இல் ஃபெராரி நிறுவனம் தன் புதிய கார் ஒன்றுக்கு ‘612 ஸ்காலியெட்டி’ என்றே பெயரிட்டது. தம் பெயரைக் காரில் பார்த்த அந்தத் தொழிலாளி 2011-இல் தமது 91-ஆம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தேர்வில் தவறிய பிள்ளையை, “நீ பட்டறைக்குத்தான் லாயக்கு” என்று ஏசுகிறோமே, பட்டறை என்ன தண்டனைக் கூடமா? அப்படி ஏச்சு வாங்கிக்கொண்டு போகும் பிள்ளை, தான் தோற்றுப்போனவன் என்ற எண்ணத்தோடுதான் சுத்தியலைத் தொடுவான். அந்த மனத்தோடு எந்தத் தொழிலும் கைவராது.

பதின்மூன்று வயதில் பள்ளியை விடலாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்காலியெட்டி விரும்பி விடவில்லை; வறுமை விட வைத்தது. இன்றைய பட்டறையில் கையேடு படிக்க வேண்டும், கணினியோடு பழக வேண்டும். நல்ல கூலிக்குச் சான்றிதழும் வேண்டும். ஆகவே பள்ளியை முடிக்கச் செய்யுங்கள். கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளையை முறையான தொழிற்பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். உங்கள் மகனோ மகளோ எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பினால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், “இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேளுங்கள்.