போசாவும் கம்மங்கூழும்

இஸ்தான்புல்லுக்கு வேலைக்கு வந்து இது மூணாவது குளிர்காலம். துருக்கிச் சாப்பாடுன்னா கபாப், பக்லாவான்னு எல்லாரும் சொல்வாங்க. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னை உட்கார வச்சு யோசிக்க வச்சது போசா என்கிற ஒரு பானம். கெட்டியா, வெளிர் மஞ்சளா, ஸ்பூன் போட்டுச் சாப்பிடற பதத்துல இருக்கும். இனிப்பு முதல்ல வரும், பின்னாலயே ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பு எனக்குத் தெரிஞ்ச புளிப்பு. உடுமலைப்பேட்டைப் பக்கம் கம்மங்கூழ் குடிச்சு வளர்ந்தவங்களுக்கு நாக்கே சொல்லிடும். ரெண்டுக்கும் நிஜமாவே உறவு உண்டா, இல்ல எனக்கு வீட்டு ஞாபகம் வந்ததால அப்படித் தோணுதான்னு கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

போசா ஒட்டோமன் காலத்துப் பானம். பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி இஸ்தான்புல் போசாக் கடைகளைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். இனிப்புப் போசா, நல்லாப் புளிச்சுப் போதை ஏறின போசான்னு அப்பவே ரெண்டு வகை. இன்னிக்கு விக்கறதுல ஆல்கஹால் சுமார் ஒரு சதவீதம்தான், குழந்தைகளும் குடிக்கறாங்க. பழைய நகரத்துல வெஃபா என்கிற பேட்டையில 1876ல ஹாஜி சாதிக் பே தொடங்கின கடை இன்னும் நடக்குது. 1937ல அதாதுர்க் வந்து குடிச்ச டம்ளரைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. ஓர்ஹான் பாமுக் 2014ல வெளியிட்ட நாவலோட நாயகன் மெவ்லூத், ராத்திரியில தெருத்தெருவா போசா கூவி விக்கறவன்.

இனி செய்முறை. மூலப்பொருள் துருக்கியில 'தாரி'ன்னு சொல்ற சிறுதானியம். நம்ம பனிவரகேதான் அது, கம்பு இல்ல. தோல் நீக்கி, ரவையா உடைச்சு, நிறையத் தண்ணியில கொழையக் கொழைய வேக வைக்கறாங்க. ஆற வச்சு, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, முந்தின போசாவுல கொஞ்சம் எடுத்து உறை ஊத்தி வைக்கறாங்க. தயிருக்கு உறை ஊத்தற மாதிரியேதான்.

கம்மங்கூழுக்கு எங்க அம்மிச்சிகிட்ட போன்ல கேட்டேன். "அளவெல்லாம் ஆரு கண்ணு பாத்தா? கையி சொல்லும்"னுதான் ஆரம்பிச்சாங்க. விடாமக் கேட்டதுல வந்தது இது. கம்புல தண்ணி தெளிச்சு உரல்ல குத்தி, மொறத்துல பொடைச்சு உமியைத் தள்ளணும். மறுபடி இடிச்சு, குருணையும் மாவுமாப் பிரிக்கணும். கொதிக்கிற தண்ணியில முதல்ல குருணை, அது வெந்த பின்னாடி மாவு, கைவிடாமக் கிண்டணும். அதுதான் கம்மஞ்சோறு. அன்னிக்குச் சாப்பிட்டது போக மிச்சத்தை உருண்டை பிடிச்சு, பானைத் தண்ணியில போட்டு வைப்பாங்க. விடிஞ்சதும் அந்தத் தண்ணியிலயே கரைச்சு, மோர் ஊத்தி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிக்கறது.

ஆக ரெண்டுலயும் வரிசை ஒண்ணுதான்: முதல்ல வேக வை, அப்புறம் புளிக்க வை. இட்லி மாவுக்கு இது தலைகீழ். புளிக்க வைக்கிற வேலையும் ஒரே கூட்டம்தான் செய்யுது, லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். போசாவுல சர்க்கரை போடறதால ஈஸ்ட்டுக்குத் தீனி அதிகம், அதனால லேசா ஆல்கஹால். கம்மங்கூழுக்குத் தனியா உறை கிடையாது. பானையும் பழைய தண்ணியும் காலையில சேர்ற மோரும் அந்த வேலையைப் பார்த்துக்கும். நேரடி உறவு இருக்குன்னு நான் சொல்ல வரல. கையில சிறுதானியமும் தண்ணியும் ஒரு பானையும் இருந்த ஊர்கள் பலதும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். பல்கேரியா, ருமேனியாவுலயும் போசா உண்டு.

தொட்டுக்கறது இன்னொரு வேடிக்கை. போசா மேல பட்டைத்தூள் தூவி, லெப்லெபி என்கிற வறுத்த கொண்டைக்கடலையைப் போட்டுச் சாப்பிடணும். வெஃபா கடைக்கு எதிர்த்தாப்புல சூடா வறுத்து விக்கறாங்க, வாங்கிட்டுப் போய்த்தான் உட்காரணும். வாயில போட்டா நம்ம பொட்டுக்கடலை, உடைக்காம முழுசா!

ஆனா பருவம் நேர் எதிர். போசா குளிர்காலத்துக்கு, கம்மங்கூழ் சித்திரை வெயிலுக்கு. காரணம் எளிமையானது. போசாவைக் கடையில ரெண்டு மூணு நாள் வச்சு விக்கணும், குளிர்பெட்டி இல்லாத காலத்துல கோடையில அது தாங்காது. நம்மாளுங்க வச்சிருக்கவே இல்ல. ராத்திரி ஊறினது மத்தியானத்துக்குள்ள காலி.

இந்த வித்தியாசம்தான் ரெண்டோட தலையெழுத்தையும் பிரிச்சதுன்னு நினைக்கறேன். போசா எப்பவோ கடைச்சரக்கு ஆயிடுச்சு. கம்மங்கூழ் வீட்டுச் சரக்காவே இருந்தது. கம்புல கொழுப்புச் சத்து அதிகம், அரைச்ச மாவு சீக்கிரமே கசந்து போகும். அதனால அன்னன்னிக்கு இடிச்சாத்தான் உண்டு. அந்த இடி பூரா பெண்கள் கையில. பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணி வந்து, ரேஷன் அரிசி வந்து, உரல் மூலைக்குப் போனப்ப, அதைத் திரும்பத் தூக்க எந்தப் பொம்பளையும் ஆசைப்படல. எப்படி ஆசைப்படுவாங்க? சிறுதானியத்தைக் கொண்டாடறவங்க அந்த உலக்கையை ஒரு வாரம் பிடிச்சுப் பார்க்கணும். ஐ.நா. 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்ப அம்மிச்சிகிட்ட சொன்னேன். "இடிக்கறதுக்கும் ஆள் அனுப்புவாங்களா சாமி?"ன்னாங்க.

இப்ப எங்க பக்கம் தென்னையும் மக்காச்சோளமும்தான். மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகுது. கூழ் வேணும்னா வெயில் காலத்துல ரோட்டோரத் தள்ளுவண்டி. மோர்மிளகாய், மாங்காத் துண்டு எல்லாம் வச்சு நல்லாவே தர்றாங்க. ஆனா பல வண்டியில அன்னிக்குக் காலையில காய்ச்சி மோர் ஊத்தினதுதான். ராத்திரி பானையில ஊறின புளிப்பு அதுல இருக்கறதில்ல.

இங்க நானே செய்யலாம்னு தாரி தேடினேன். சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கல, பறவைத் தீவனக் கடையில தாராளமா இருக்கு. ஒரு கிலோ வாங்கியாச்சு. எல்லாம் உமியோட இருக்கு. நாலாவது மாடி வீட்டுல உரலுக்கு எங்க போறது? மிக்ஸியில விட்டு விட்டுச் சுத்தி, தண்ணியில அலசினா உமி மிதக்கும்னு அம்மிச்சி சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை பார்க்கணும்.