கறை ஓரிடம், கசிவு வேறிடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது ராயகிரி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால், சில நாளில் மச்சு வீடுகளில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உட்கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் தெரியும். உடனே அதற்கு நேர் மேலே, மொட்டை மாடியில் சிமென்ட் பால் ஊற்றுவது வழக்கம். அடுத்த மழைக்கும் கறை வளரும்.

காரணம், தண்ணீர் நேர்குத்தாக இறங்குவதில்லை. ஜல்லி, மணல், சிமென்ட் சேர்ந்து இறுகும்போது அதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே தண்ணீர் சேர்க்கிறோம், கலவை இளக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக. மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். மழைநீர் அவற்றில் ஊறிப் பக்கவாட்டில் பரவும். கம்பியை ஒட்டி ஓடும். மின்கம்பிக்காகக் கான்கிரீட்டுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்துவிட்டால், ஓர் அறையைத் தாண்டிப் போய் அடுத்த அறை மின்விசிறிக் கொக்கியில் சொட்டும்.

எங்கே புகுகிறது? பெரும்பாலும் தளமும் கைப்பிடிச் சுவரும் சேருமிடத்தில். அங்கே தினமும் ஓர் இழுபறி நடக்கிறது. வெயிலில் காய்ந்த தளம் இரவில் 20 டிகிரி குளிர்ந்தால், 10 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சுருங்கும். மறுநாள் மீண்டும் நீளும். பல ஆண்டுகள் இப்படி நடந்தால் எந்தப் பூச்சும் விரிசல் விடும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 9,000 லிட்டருக்கு மேல். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிய மழையில் காயல்பட்டினம் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கண்டது. அவ்வளவு தண்ணீருக்கு மயிரிழை விரிசல் போதும்.

கறையின் ஓரம் மட்டும் ஏன் அடர்ந்திருக்கிறது? மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்தாலும் இப்படித்தான் விளிம்பில் கோடு விழும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் அதன் காரணத்தை விளக்கினார்கள். துளியின் விளிம்பு நகராமல் ஒட்டிக்கொள்ள, அங்கே ஆவியாதல் வேகமாக நடக்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடி, தூளையும் சுமந்துபோய்க் குவிக்கிறது. கூரையிலும் ஏறத்தாழ இதே கதைதான். ஊறிய பகுதியின் எல்லைவரை போன உப்பும் அழுக்கும், நீர் உலர்ந்ததும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதனால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் தெரிந்தால், பலமுறை நனைந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் பொருக்கு இருந்தால், கான்கிரீட்டிலிருந்த சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து காற்றில் இறுகவைத்திருக்கிறது. அது தளத்தின் உள்ளே ஊடுருவி வந்த நீர். துரு நிறக் கோடு தெரிந்தால் கம்பி அரிக்கத் தொடங்கியிருக்கலாம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கூரை பெயர்ந்து விழுகிறது.

ஆனால் என் கணிப்பில், எங்கே என்பதைவிட எப்போது என்ற கேள்விதான் பாதித் துப்பு துலக்கிவிடும். மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் மாடி. கோடையிலும் ஈரம் காயவில்லையென்றால் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ. மேல் மாடியில் குளித்த பிறகு என்றால் குளியலறைத் தரை. சமையலறையில் நீராவி படிந்து வியர்ப்பதாகச் சந்தேகம் வந்தால், நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விடுங்கள்: தாளுக்கு உள்ளே ஈரம் கண்டால் அது கூரையிலிருந்து வருவது, வெளியே கண்டால் காற்றிலிருந்து வந்தது.

மாடிதான் என்று தெரிந்தால், வடிகாலை அடைத்து, பகுதி பகுதியாக வரப்புக் கட்டி, ஓரிரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் பார்ப்பார்கள். எந்தப் பகுதியில் நிறுத்தும்போது கறை நனைகிறதோ அங்கேதான் வேலை. கட்டை அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இதைச் செய்யக் கூடாது. அந்தப் பாரமே ஆபத்து.

உட்கூரைக்கு வண்ணம் அடித்து மறைத்துவிடாதீர்கள். நீர் புகுவது நிற்காது, அடையாளம் மட்டும் போய்விடும். இன்றே கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் கொத்தனாரிடம் அதைக் காட்டுங்கள். ஈரம் விளக்கையோ மின்விசிறியையோ எட்டிவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், மற்றதெல்லாம் பிறகு.