வீட்டுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. அடுத்து வீட்டில் எழும் பேச்சு, "அப்படியே ஒரு பிரிண்டரும் வாங்கிவிடலாமே" என்பதுதான். நானும் அப்படித்தான் வாங்கினேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்காக, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த இங்க்ஜெட் ஒன்றை எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு பிராசஸர், ராம் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவன், பிரிண்டருக்கு மட்டும் விலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

வாங்கிய வாரம் பத்துப் பக்கம் எடுத்தார்கள். பிறகு மூன்று மாதம் அதை யாரும் தொடவில்லை. தங்கைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வந்தது. முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவள் போன் செய்தாள். "அண்ணா, வெறும் வெள்ளைத்தாள்தான் வருது." நான் சொல்லச் சொல்ல, ஹெட் கிளீனிங் வசதியை ஐந்தாறு முறை இயக்கினாள். மிச்சம் இருந்த மையும் அதிலேயே தீர்ந்தது. விடிகாலையில் அப்பா அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையைத் திறக்க வைத்து பிரிண்ட் எடுத்தார். தேர்வு மையத்துக்குக் கடைசி நிமிடத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பிரிண்டரில் கோளாறு இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கத்துக்குப் பொருந்தாத பிரிண்டரை நான் வாங்கியிருந்தேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். கடைக்குப் போகும் முன் உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை பக்கம் எடுப்போம்? எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுப்போம்? கலர் கட்டாயம் வேண்டுமா?

இங்க்ஜெட்

இதன் ஹெட்டில் முடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் வழியே திரவ மை துளித்துளியாகத் தாளில் தெறிக்கிறது. கேனன், ஹெச்பி நிறுவனங்களின் வீட்டு இங்க்ஜெட்களில் மையை நொடியில் சூடாக்கி, எழும் குமிழியால் துளியைத் தள்ளுகிறார்கள். எப்சன் நிறுவனம் மின்சாரம் பாய்ந்தால் வளையும் சிறு படிகத்தால் தள்ளுகிறது. எந்த முறையானாலும், பல வாரம் சும்மா கிடந்தால் துளையில் நிற்கும் மை காய்ந்து அடைத்துக்கொள்ளலாம். ஹெட் கிளீனிங் என்பது, உள்ளிருக்கும் மையை உறிஞ்சி வெளியேற்றி அடைப்பை நீக்குவது. அடிக்கடி செய்தால் மை வீணாகும்.

இங்க்ஜெட்டில் இரண்டு வகை உண்டு. கார்ட்ரிட்ஜ் வகையில் பிரிண்டர் விலை குறைவு, மையின் விலை அதிகம். இங்க் டேங்க் வகையில் பிரிண்டர் விலை அதிகம்; ஆனால் பாட்டிலில் வாங்கி ஊற்றும் மை மிக மலிவு. கலர் படம், பள்ளி புராஜெக்ட் ஆகியவற்றுக்கு இங்க்ஜெட் ஏற்றது.

லேசர்

இதில் திரவ மை கிடையாது. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். லேசர் ஒளி ஒரு உருளையின் மேல் எழுத்து வடிவத்தை மின்னேற்றமாக வரைகிறது. தூள் அதில் ஒட்டி, தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் படிகிறது. தூள் என்பதால் காய்வதற்கு எதுவுமில்லை. மாதக்கணக்கில் கிடந்தாலும், அவசரத்துக்குச் சட்டென்று கைகொடுக்கும். வீட்டு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். ஒரு எச்சரிக்கை: சூடாகும்போது இது அதிக மின்சாரம் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கார்ட்ரிட்ஜின் விலையை, அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பக்கச் செலவு கிடைக்கும். இந்த எண்ணிக்கையை பேஜ் யீல்டு என்பார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். முழுப்பக்க படம் எடுத்தால் அத்தனை பக்கம் வராது.

விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட விலைகள் இவை. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 4,000 ரூபாய், 600 ரூபாய் கார்ட்ரிட்ஜில் 100 பக்கம். இங்க் டேங்க் 12,000 ரூபாய், 400 ரூபாய் பாட்டிலில் 4,000 பக்கம். லேசர் 13,000 ரூபாய், 1,500 ரூபாய் டோனரில் 1,000 பக்கம். அதாவது ஒரு பக்கத்துக்கு முறையே 6 ரூபாய், 10 பைசா, ஒன்றரை ரூபாய்.

மாதம் 100 பக்கம் என்றால் மூன்று வருடத்தில் 3,600 பக்கம். தாள் செலவு நீங்கலாக மொத்தச் செலவு:

கார்ட்ரிட்ஜ்: 25,600 ரூபாய்
லேசர்: 18,400 ரூபாய்
இங்க் டேங்க்: 12,360 ரூபாய்

மாதம் 20 பக்கம்தான் என்றால் மூன்று வருடத்தில் 720 பக்கம். கார்ட்ரிட்ஜ் 8,320, இங்க் டேங்க் 12,072, லேசர் 14,080 ரூபாய். கடையில் பக்கம் 3 ரூபாய் என்றால் அதே 720 பக்கம் 2,160 ரூபாயில் முடிந்துவிடும்! எனவே குறைவாக எடுப்பவர்கள் பிரிண்டர் வாங்குவது பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. இரவு பத்து மணிக்கு வேண்டும் என்றால் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான். அப்படி வாங்கும் பிரிண்டர் அந்த நேரத்தில் காய்ந்து கிடந்தால் என்ன பயன்?

வாங்கும் முன் கவனிக்க

* உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.
* சர்வீஸ் சென்டரும், மை அல்லது டோனரும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று விசாரியுங்கள்.
* பிரிண்டருடன் வரும் டோனர் பெரும்பாலும் முழு அளவு இருக்காது. எத்தனை பக்கம் வரும் என்று கேளுங்கள்.
* ஆதார், சான்றிதழ் நகல் அடிக்கடி எடுப்பீர்கள் என்றால், ஸ்கேனரும் சேர்ந்த ஆல் இன் ஒன் வாங்குங்கள்.

முடிவாக

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடு, வாரம் தவறாமல் கலரில் எடுப்பீர்கள் என்றால் இங்க் டேங்க் வாங்குங்கள். எப்போதாவது ஒருமுறை, ஆனால் அவசரமாகத் தேவைப்படும் என்றால் கறுப்பு வெள்ளை லேசர். ஏற்கெனவே இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறை எல்லா வண்ணங்களும் உள்ள ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். அவசரம் எதுவும் இல்லை, கடையும் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் இப்போதைக்கு வாங்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது லேசர். தங்கையின் அடுத்த ஹால் டிக்கெட் அதில்தான் வந்தது. அதையும் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து வைத்துவிட்டாள்.