ஆலயமும் அரசியலும்



மயிலாப்பூரில் சாந்தோம் பேராலயமும் லஸ் மாதா கோயிலும் நீங்கள் அறிந்தவை. லஸ் கோயிலின் பெயரைத் தாங்கிய சாலையிலேதான், நம் அரசியல் சட்ட வரைவுக் குழுவில் பணியாற்றிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வாழ்ந்தார். அந்தச் சட்டம் உருவான காலத்தில் கத்தோலிக்கர் ஒருவர் ஆற்றிய அரசியற் பணியைக் குறித்து இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம், சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களுள் 8 இடங்களை இந்தியக் கிறிஸ்தவர்க்கென ஒதுக்கிற்று. அவற்றுக்குக் கிறிஸ்தவரே போட்டியிடுவர், கிறிஸ்தவரே வாக்களிப்பர். 1947இல் அரசியல் நிர்ணய சபை இத்தகைய தனி வாக்காளர் முறையை நீக்கியது. எனினும், பொதுத் தொகுதிகளில் சில இடங்களை ஒதுக்கலாம் என இசைந்தது. 1949 மே மாதம் அவ்வொதுக்கீடும் வேண்டுமா என்னும் வினா எழுந்தது. வேண்டாவென முன்மொழிந்தவர் வங்காளத்துக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜி. அதனை ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவர், சென்னை லயோலாக் கல்லூரித் தலைவராய் விளங்கிய இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா.

கையிலிருக்கும் உறுதியான இடங்களைத் துறப்பது எளிதோ? சமயத்தைக் காப்பது அடிப்படை உரிமைகளின் பணி. சட்டசபை இடமோ குடிமக்கள் அனைவருடைய நம்பிக்கையால் வருவது. தனியிடத்தில் வென்றவர் தம்மவர்க்கு மட்டுமே விடை சொன்னாற் போதும். பொதுத் தொகுதியில் நிற்பவரோ அண்டை வீட்டாரின் குடிநீருக்கும் கல்விக்கும் பொறுப்பேற்க வேண்டும். இவ்வேறுபாட்டையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

ஆயினும் கணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டு ஆணை, கிறிஸ்தவம் தழுவிய ஒடுக்கப்பட்டோரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆதலின், தமக்குரிய சலுகையை விடுதல் பெருந்தன்மையே. எளியவரின் உரிமையைக் கேளாதிருத்தல் பெருந்தன்மையாகாது.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அரசும் திருச்சபையும் தத்தம் துறையில் தன்னுரிமை உடையவை என்றும், திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் தன்னைப் பிணைத்துக் கொள்வதில்லை என்றும் தெளிவாக்கியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஆட்சி அதிகாரம் செலுத்தும் பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தடை செய்கிறது. எனவே, டிசூசா அடிகள் அன்று வகித்தது போன்ற பொறுப்பு இன்று பொதுநிலையினரையே சார்ந்தது.

1989 முதல் நம் நாட்டில் வாக்குரிமை வயது 18. கல்லூரியில் பயிலும்போதே உங்களிற் பலர் வாக்காளராகிவிடுகிறீர்கள். எச்சமயத்தவராயினும், வேட்பாளர் நம்மவரா என்று வினவுமுன், அவர் அனைவர்க்கும் நீதி செய்வாரா என்று வினவுங்கள். மனச்சாட்சிக்கு அரசியலில் உரிய வேலை அதுவே.