பசுமை ஹைட்ரஜனின் கறுப்புப் பொடி

இரண்டு பென்சில்களை இரு முனையிலும் சீவி, 9 வோல்ட் பேட்டரியோடு ஒயரால் இணைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கினால் சில நொடிகளில் குமிழிகள் கிளம்பும். எதிர்மின்முனையில் குமிழி அதிகம், அதுதான் ஹைட்ரஜன். கொஞ்சம் குனிந்து பார்த்தால், பாத்திரத்தின் நடுவில் எதுவுமே நடக்காதது தெரியும். தண்ணீர் பிரிவதெல்லாம் கரித்தண்டின் தோலில்தான்.

அந்தத் தோல் எதனால் ஆனது என்பதில்தான், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனின் விலை ஒளிந்திருக்கிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீரும் குறைந்தது 39 யூனிட் மின்சாரமும் தேவை. இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் தண்ணீரைப் பிரிக்கும் கருவிகளான எலக்ட்ரோலைசர்கள் 50 யூனிட்டுக்கு மேல் விழுங்குகின்றன. கூடுதல் மின்சாரத்தில் கணிசமான பங்கு, மின்முனையில் மெத்தனமாக நடக்கும் வினையை உந்தித் தள்ளவே செலவாகிறது. அந்த மெத்தனத்தைப் போக்குவதுதான் வினையூக்கியின் வேலை. இன்று உலகில் பெரும்பாலான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்தே வருகிறது. எரிவாயு வழியில் கிலோவுக்குச் சுமார் 9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதைவிட்டு விலக வேண்டுமானால் இந்த யூனிட் கணக்கு குறைந்தாக வேண்டும்.

நல்ல வினையூக்கிக்கு ஒரே இலக்கணம்: பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். தங்கம் ஹைட்ரஜன் அணுவைச் சரியாகப் பிடிப்பதே இல்லை. டங்ஸ்டன் பிடித்தால் விடுவதில்லை. பிளாட்டினம் இரண்டையும் அளவாகச் செய்கிறது. ஆனால் அது விலை உயர்ந்த உலோகம். கட்டியாக வைத்தால் உள்ளே புதைந்த அணுக்களெல்லாம் வீண்.

இங்கேதான் நானோ துகள் வருகிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். எடை அதேதான். வெள்ளிபோல் மின்னும் பிளாட்டினத்தை இப்படி நுணுக்கிக் கரித்தூளில் பதித்தால், பார்வைக்கு அடுப்புக்கரிப் பொடிதான்.

ஆனால் இவ்வளவு சிறிய துகளுக்கு நிலைகொள்ளாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் சேர்ந்து பெரிதாவதுபோல, துகள்கள் கரிப்பரப்பில் நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. சில கரைந்து பக்கத்துத் துகள்மேல் படிகின்றன. கஷ்டப்பட்டு உண்டாக்கிய மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது. எனவே, ஆய்வகத்தில் முதல் நாள் காட்டும் வேகத்தை வைத்து எந்த வினையூக்கியையும் கொண்டாடக் கூடாது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கேட்க வேண்டும்.

பிளாட்டினத்தைவிடப் பெரிய தலைவலி இரிடியம். சவ்வு வகை எலக்ட்ரோலைசரில் ஆக்சிஜன் வெளிவரும் பக்கம் கடும் அமிலச் சூழல். அங்கே நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது இரிடியம் ஆக்சைடுதான். உலகம் முழுவதும் ஓராண்டில் வெட்டியெடுக்கப்படும் இரிடியம் 7, 8 டன்தான். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து, அதுவும் பிளாட்டினச் சுரங்கத்தின் துணைப்பொருளாக. தேவை கூடியதென்று இதை மட்டும் தனியே கூடுதலாகத் தோண்ட வழியில்லை.

மாற்று எங்கே? டென்மார்க் விஞ்ஞானிகள் 2007-இல் மாலிப்டினம் சல்பைடில் ஒரு விடை கண்டார்கள். கிரீஸில் கலக்கும், பெட்ரோலில் கந்தகத்தை நீக்க உதவும் சாதாரணப் பொருள் அது. அதன் நானோ தட்டுகளைத் தங்கத்தின் மேல் வளர்த்து, அணு அணுவாகக் காட்டும் நுண்ணோக்கியில் அளந்தார்கள். தட்டின் பரப்பு கூடியதால் ஹைட்ரஜன் கூடவில்லை. விளிம்பின் நீளம் கூடினால்தான் கூடியது. வரப்பு மட்டும் விளைந்து நடுவயல் தரிசாகக் கிடப்பதுபோல! அதன்பிறகு விளிம்பைப் பெருக்குவதே பல ஆய்வகங்களின் வேலையாயிற்று. வேகத்தில் அது பிளாட்டினத்தை இன்னும் எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு பாதை நிக்கல். காரக் கரைசலில் ஓடும் எலக்ட்ரோலைசருக்கு பிளாட்டினமோ இரிடியமோ கட்டாயமில்லை. பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கல் உரத் தொழிற்சாலை 1960-களிலேயே தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் உரம் செய்தது. பசுமை ஹைட்ரஜன் என்ற பெயர்தான் அன்று இல்லை. ஏறி இறங்கும் சூரிய மின்சாரத்துக்கு இந்த வகை சவ்வு வகையைப் போல வளைந்துகொடுப்பதில்லை. ஆனாலும் நிக்கலோடு இரும்பைச் சேர்த்து நானோ அளவில் அமைத்த மின்முனைகள், காரத்தில் ஆக்சிஜன் பக்கத்து வேலையை மிக நன்றாகச் செய்கின்றன. இந்தியா கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற இலக்கோடு தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி, நூற்றுக்கு இரண்டு ரூபாய். இது போதாது.