தொடக்கநிலைப் படிப்பு, எழுத்துத் தேர்வுகளில் அலகும் பிழையும்

1. முன்னுரை

தொடக்கப்பள்ளி மாணவரின் படிக்கும் திறனையும் எழுதும் திறனையும் அளந்தறியப் பல்வேறு தேர்வுகள் நடத்தப்பெறுகின்றன. இத்தேர்வுகளுக்குரிய வினாக்களை அமைப்பதில் காட்டப்படும் கவனம் அவற்றைத் திருத்தும் முறையில் காட்டப்படுவதில்லை. விடை சரியா, தவறா என்பது எல்லார்க்கும் வெளிப்படையாகத் தெரிந்ததே என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயின், திருத்துவோர் ஒவ்வொரு முறையும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். எண்ணப்படும் அலகு எது என்பது முதலாவது. பிழை என்று கொள்ளப்படுவது எது என்பது இரண்டாவது. இவ்விரண்டும் அடிப்படையில் மொழியியல் வினாக்கள். இவற்றிற்கான விடையை அந்தந்த மொழியின் அமைப்பிலிருந்து பெறாவிடில், தேர்வின் முடிவு குழந்தையின் திறனைக் காட்டாது. திருத்த விதியின் இயல்பையே காட்டும். இக்கருத்தைத் தமிழையும் பிற இந்திய மொழிகள் சிலவற்றையும் முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. திருத்தத்தின் இன்றியமையாமை

ஒரே விடைத்தாளுக்குத் திருத்துவோர் பலர் பலவாறு மதிப்பெண் வழங்குவர் என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மையாகும். 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவரும் ஆங்கிலத் தேர்வு விடைத்தாளின் படிகளை 142 ஆசிரியர்களிடம் திருத்தப் பெற்றனர். நூற்றுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்களில் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே முப்பதுக்கும் மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது. விடை ஒன்றே, வேறுபட்டவை திருத்துவோர் கொண்ட அளவுகோல்களே.

இந்தியாவில் ஆர். எச். தவே தலைமையிலான குழு 1991-இல் தொடக்கக் கல்விக்குரிய குறைந்தபட்சக் கற்றல் நிலைகளை வரையறுத்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. 2019-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு நடத்தவும், மறுதேர்விலும் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்தவும் அரசுகளுக்கு வழிவகுத்தது. ஆகவே, திருத்துவோர் இடும் ஒரு சுழியும் ஒரு கோடும் ஒரு குழந்தையின் ஓராண்டுக் காலத்தை முடிவு செய்யும் ஆற்றல் பெற்றுவிட்டன எனலாம்.

3. படிப்புத் தேர்வில் இருவகைத் திருத்தம்

வாய்விட்டுப் படிக்கச் செய்து திறனை அறியும் தேர்வுகளில் இருவகைத் திருத்த முறைகள் வழக்கில் உள்ளன. அவற்றைப் படிநிலை முறை, நேர அளவு முறை எனப் பெயரிட்டு வழங்கலாம்.

படிநிலை முறைக்குப் பிரதம் அமைப்பின் முன்முயற்சியில் 2005 முதல் வெளிவரும் கல்வி நிலை ஆண்டறிக்கை சிறந்த எடுத்துக்காட்டாகும். ஊரகக் குழந்தைகளை அவர்தம் இல்லத்திலேயே தனித்தனியே சந்தித்து இத்தேர்வு நடத்தப்படுகிறது. முதலில் முதல் வகுப்பு நிலையிலான சிறு பத்தி தரப்படும். அதனைத் தொடர்களாக, தடையின்றி, மூன்று பிழைகளுக்கு மிகாமல் படித்தால் இரண்டாம் வகுப்பு நிலையிலான கதை தரப்படும். பத்தியைப் படிக்க இயலாதெனில் சொற்கள் தரப்படும். ஐந்தில் நான்கையேனும் சரியாகப் படிக்க வேண்டும். அதுவும் இயலாதெனில் எழுத்துகள் தரப்படும். அங்கும் ஐந்துக்கு நான்கே வரையறை. இறுதியில் குழந்தைக்குக் கிடைப்பது மதிப்பெண் அன்று. அது நிற்கும் படியின் பெயரே கிடைக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் கதையைப் படிக்க வல்லவர் நாடு முழுவதிலும் 2018-இல் 27.3 விழுக்காட்டினர், பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் 2022-இல் 20.5 விழுக்காட்டினர், 2024-இல் 27.1 விழுக்காட்டினர் என இவ்வறிக்கைகள் தெரிவிக்கின்றன. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்ததும் படிநிலை நோக்கின்பாற்பட்டதே.

நேர அளவு முறையில் ஒரு நிமிடத்தில் சரியாகப் படிக்கப்பட்ட சொற்கள் எண்ணப்படுகின்றன. ஒரு குழந்தை ஒரு நிமிடத்தில் 34 சொற்களைக் கடந்து, அவற்றுள் 4 சொற்களைப் பிழையாகப் படித்திருந்தால் அதன் அளவு 30 ஆகும். 50 சொற்கள் கொண்ட பத்தியை 40 வினாடிகளில் 2 பிழைகளுடன் முடித்தால், 48-ஐ 40-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கி 72 எனக் கணக்கிடுவர். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022 மார்ச்சில் 20 மொழிகளில், ஏறத்தாழ 86,000 மூன்றாம் வகுப்பு மாணவரிடம் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு இம்முறையையும் பயன்படுத்தியது.

முன்னது குழந்தையை எந்தப் படியிலிருந்து கற்பிக்கத் தொடங்கலாம் எனக் காட்டும். பின்னது படிப்பின் வேக வளர்ச்சியைக் காட்டும். இரண்டும் தத்தம் நோக்கிற்குப் பயன்படுவனவே. சிக்கல் எழுவது அலகைப் பற்றியதாகும்.

4. சொல் என்னும் அலகு

2021-இல் தொடங்கப்பெற்ற நிபுண் பாரத் இயக்கம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் எனப் பொருளுணர்ந்து படிக்கும் இலக்கை நாடு முழுமைக்கும் வகுத்தது. இங்கு 'சொல்' எனப்படுவது இரு இடைவெளிகளுக்கு நடுவே அமையும் எழுத்துத் தொகுதியாகும். இத்தொகுதி எல்லா மொழிகளிலும் ஒரே அளவினதன்று.

'வீட்டிற்குள்ளிருந்து' என்பது தமிழில் ஒரு சொல். இதே பொருளை இந்தியில் 'கர் கே அந்தர் ஸே' என நான்கு சொற்களால் எழுதுவர். உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலியசைகளாக எண்ணினால் தமிழ்த் தொடரில் ஆறும் இந்தித் தொடரில் ஐந்தும் உள்ளன. குழந்தை செலவிடும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. எனினும் தமிழ்க் குழந்தைக்கு ஒன்றும் இந்திக் குழந்தைக்கு நான்கும் கணக்கில் சேர்கின்றன. 'படித்துக்கொண்டிருக்கிறான்' என்பதிலோ எட்டு ஒலியசைகள் உள்ளன. அதற்கு நிகரான இந்தி வினைத்தொடர் மூன்று சொற்களும் நான்கு ஒலியசைகளுமே கொண்டது. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியனவும் தமிழைப் போன்றே ஒட்டுநிலை மொழிகளாதலின் இவ்வேறுபாடு அவற்றிற்கும் பொருந்தும்.

ஒரே மொழிக்குள்ளும் இவ்வலகு நிலையாக நிற்பதில்லை. மேற்காட்டிய வினையைச் சிலர் சேர்த்து எழுதுவர். சிலர் 'படித்துக் கொண்டிருக்கிறான்' என இரண்டாகவும், சிலர் 'படித்துக் கொண்டு இருக்கிறான்' என மூன்றாகவும் பிரித்தெழுதுவர். பத்தியை அச்சிட்டவர் இட்ட இடைவெளிக்கேற்பக் குழந்தையின் 'வேகம்' கூடவோ குறையவோ செய்யும். இது திறனின் வேறுபாடு அன்று.

2022-ஆம் ஆண்டு ஆய்வில் ஒவ்வொரு மொழிக்கும் தரவரையறை தனித்தனியே வகுக்கப்பட்டமை இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும். ஆயினும் பொது இலக்கான 60 சொற்கள் என்னும் எண் ஆசிரியர் மனத்தில் எளிதில் பதிந்துவிடுகிறது. அதனைத் தமிழ் வகுப்பில் அப்படியே பயன்படுத்தினால், பொருளுணர்ந்து நன்கு படிக்கும் குழந்தையும் பின்தங்கியதாகத் தோன்றும். விரைவுக்காகப் பொருளைக் கைவிடும் பழக்கமும் வளரக்கூடும். சொல்லுக்கு மாற்றாக ஒலியசையையோ எழுத்தையோ அலகாகக் கொள்வது தமிழுக்கு ஏற்றதாகும். எழுத்தை அலகாகக் கொள்வோர் புள்ளி பெற்ற மெய்யைத் தனித்து எண்ணுவதா என்பதையும் முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

5. படிப்பில் பிழை எது?

வாய்விட்டுப் படிக்கையில் நிகழும் மாறுபாடுகளை விட்டுப் படித்தல், கூட்டிப் படித்தல், மாற்றிப் படித்தல், தானே திருத்திக்கொள்ளுதல், ஒலித்திரிபு என ஐவகையாகப் பகுக்கலாம். இவற்றுள் தானே திருத்திக்கொள்ளுதல் பிழையன்று. பொருள் பொருந்தாமையைக் குழந்தை உணர்ந்ததன் அடையாளமாதலின் அது திறனின் பாற்பட்டது.

ஒலித்திரிபுதான் தமிழில் பெரிதும் கருதத்தக்கது. ரகர றகரங்களுக்கிடையேயும் நகர னகரங்களுக்கிடையேயும் இன்றைய பேச்சில் பெரும்பாலார் ஒலிப்பில் வேறுபாடு காட்டுவதில்லை. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரங்களும் உள. 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' எனப் படிக்கும் குழந்தை எழுத்தை அறியாததன்று. தன் வட்டார ஒலிப்பில் அதனைப் படிக்கிறது. ஒலிப்புப் பயிற்சி வேண்டுமெனில் அதனைத் தனியே அளிக்கலாம். படிப்புத் திறனில் குறைத்தல் முறையாகாது.

எழுத்து வழக்கிற்கும் பேச்சு வழக்கிற்கும் உள்ள இடைவெளி மற்றொரு சிக்கலாகும். 'அவர்கள் வந்தார்கள்' என அச்சிடப்பட்டிருக்க, 'அவங்க வந்தாங்க' எனக் குழந்தை படிக்கிறது எனக் கொள்வோம். சொல் கணக்கில் இரண்டும் பிழைகள். ஆயின், அச்செழுத்தைக் கண்டு பொருளுணராமல் இம்மாற்றத்தைச் செய்திருக்க இயலாது. இதனை 'வழக்கு மாற்றம்' எனத் தனியே குறிப்பதே பொருத்தமானது. 'பாடம்' என்பதைப் 'படம்' எனப் படிக்கும் குழந்தைக்குத் தேவைப்படும் உதவி குறில் நெடில் பயிற்சி. முற்கூறிய குழந்தைக்குத் தேவைப்படுவது எழுத்து வழக்கில் பழக்கம். இருவரையும் ஒரே எண்ணுக்குள் அடக்கும் திருத்தம் ஆசிரியருக்கு வழிகாட்டாது.

6. சொல்வதெழுதுதல்

சொல்வதெழுதுதலில் சொல்லுக்கு ஒரு மதிப்பெண் என வழங்குவதே பெருவழக்கு. 'கிணறு' என்னும் சொல்லை ஒரு மாணவர் 'கினறு' எனவும் மற்றொருவர் 'கி' எனவும் எழுதினால் இருவருக்கும் சுழியே கிடைக்கும். எழுத்தை அலகாகக் கொண்டால் முன்னவர் மூன்றில் இரண்டும் பின்னவர் மூன்றில் ஒன்றும் பெறுவர்.

எண்ணிக்கையினும் பிழையின் வகையை அறிதல் சிறப்புடையது. தமிழில் இவற்றை மூவகையாகக் கொள்ளலாம். குறில் நெடில் மயக்கம், புள்ளி விடுதல், 'பட்டம்' என்பதைப் 'படம்' என எழுதுதல் போன்றவை ஒலிக்கும் எழுத்துக்குமுள்ள உறவை அறியாமையைக் காட்டுவன. ரகர றகர, ணகர னகர, லகர ளகர ழகர மயக்கங்களுள் பெரும்பாலானவை ஒலிப்பில் வேறுபாடின்மையால் நேர்வன. வல்லினம் மிகும் இடங்களில் ஒற்று விடுதல் இலக்கண மரபு பற்றியது. முதல்வகை முதலிரு வகுப்புகளிலேயே கவனிக்கப்பட வேண்டியது; இரண்டாம்வகை மிகுதியாகப் படிப்பதாலும் எழுதுவதாலும் நாளடைவில் நீங்குவது; மூன்றாம்வகையை மூன்றாம் வகுப்பில் பிழையாகக் கொள்ளுதல் வேண்டா.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. வங்க மொழியில் வரிவடிவில் மூன்று சகரங்கள் உள்ளன. பேச்சில் அவை பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இகர உகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் அம்மொழியில் எழுத்தளவிலேயே நிற்கிறது. தமிழில் பொருளை மாற்றும் குறில் நெடில் மயக்கம் முதல்வகைப் பிழையாக, வங்கத்திலோ அது இரண்டாம்வகையைச் சார்கிறது. ஒரு மொழிக்கு வகுத்த பிழைப் பட்டியலை மற்றொரு மொழிக்குப் பெயர்த்தெழுதுதல் பொருந்தாது என்பது இதனால் புலனாகும்.

7. தொடர் எழுத்து

கட்டுரை, கடிதம் போன்றவற்றைத் திருத்துவதில் முழுமை நோக்கு, கூறு நோக்கு என இருமுறைகள் உள்ளன. விடை முழுவதையும் படித்து ஒரு மதிப்பெண் வழங்குவது முன்னது. கருத்து, ஒழுங்கு, தொடரமைப்பு, எழுத்துப் பிழையின்மை எனத் தனித்தனியே மதிப்பிடுவது பின்னது.

'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் எழுதப்பட்டனவாக இரு விடைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று: 'எங்கள் ஊர் மிகவும் அழகானது. எங்கள் ஊரில் பள்ளி உள்ளது. எங்கள் ஊரில் கோயில் உள்ளது.' மற்றொன்று: 'எங்க ஊர்ல குளம் இருக்கு. போன வருசம் அதுல தண்ணி இல்ல. அது நிரம்பி வழிஞ்சத எங்க பாட்டி பாத்திருக்காங்க.' பிழைகளை மட்டும் எண்ணினால் முதல் விடை நிறைமதிப்பெண் பெறும், இரண்டாவது தேறாது. முதலாவது மனப்பாடமாக இருக்கலாம். இரண்டாவதில் இன்றைய நிலையும் கடந்த காலமும் தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. சொல்ல ஒரு செய்தியும் உள்ளது. கூறு நோக்கில் திருத்துவோர் கருத்துக்கும் ஒழுங்குக்கும் உரிய மதிப்பெண்ணை இரண்டாமவருக்கு வழங்கி, எழுத்து வழக்கைப் பயிற்றுவிக்க வேண்டுமெனக் குறிப்பெழுத இயலும். ஒரே பிழை மும்முறை வந்தால் ஒருமுறையே கணக்கிடுதல், கையெழுத்தழகைத் தனிக்கூறாக்கிப் பிறவற்றில் அதன் சாயல் படியாமற் காத்தல் ஆகியனவும் இம்முறையில் எளிதாகும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. தேர்வு எதற்கென முதலில் வரையறுக்க வேண்டும். படிநிலையறியும் தேர்வுக்கும் வகுப்பில் நிறுத்தும் தேர்வுக்கும் திருத்தம் ஒன்றாகாது. அலகை மொழியின் அமைப்பிற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். பிழைகளை எண்ணுமுன் வகைப்படுத்த வேண்டும். திருத்தத் தொடங்குமுன் ஆசிரியர் இருவர் ஒரே பத்து விடைத்தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களில் உடன்பாடு காண்பது செலவின்றி எப்பள்ளியிலும் செய்யத்தக்கதாகும்.

தாய்மொழியில் தடையின்றிப் பேசும் குழந்தையை, அம்மொழியையே அறியாததெனத் தேர்வேட்டில் பதிந்துவிடுதல் எளிது. அப்பதிவு பிழையாயின் அதனைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு குழந்தைக்கு இல்லை. எனவே, அந்தந்த மொழிக்குரிய பிழைவகைப் பட்டியலையும் அலகு வரையறையையும் உருவாக்கி ஆசிரியர் கையில் சேர்ப்பது மொழியியலார் மேற்கொள்ள வேண்டிய உடனடிப் பணியாகும்.